விராலிமலைச் சதிர்: பள்ளியை இழந்த ஆடற்குழு

உலகில் எந்த ஊரில் ஒரு நடனக்குழு இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு மேல் நிலைத்து நின்றிருக்கிறதோ, அந்த ஊரில் அக்குழுவுக்கு இடையறாமல் ஆள் தந்துகொண்டிருந்த ஒரு பள்ளியும் இருந்திருப்பதைக் காணலாம். ஐரோப்பிய அரசவை விருந்துகளில் தோன்றி, பின்னர் மேடைக்கு வந்து, வசனமின்றி இசையாலும் உடலசைவாலும் கதையை நடத்திச் செல்லும் கூட்டு நடனமாக வளர்ந்த பாலே, பாரிஸ் ஓப்ராவில் 1713ஆம் ஆண்டிலேயே தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை அமைத்துக்கொண்டது. சிறு வயதில் அப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளே வளர்ந்து அந்த மேடையை நிரப்பினர். சென்னை அடையாற்றில் 1936ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்ராவும் இதே அமைப்பைக் கொண்டதுதான். அங்கே வகுப்பில் அடவு என்னும் அடிப்படை ஆடல் அசைவுகளைப் பழகிய மாணவரும் அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியரும் சேர்ந்தே நாட்டிய நாடகக் குழுவாக மேடையேறினர். குழுவின் பெயரால் பள்ளிக்கு மாணவர் வருவதும், பள்ளியின் பயிற்சியால் குழு தளராமல் நிற்பதும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு என்பதால், இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நெடுநாள் தாங்குவதில்லை.

இத்தகைய ஏற்பாட்டைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் தேடுவோர் பாலே என்ற பெயரில் அதைக் காண முடியாது. விராலிமலை முருகன் கோயிலின் சதிர் மரபில்தான் காண முடியும். சதிர் என்பது கோயிலிலும் அரசவையிலும் திருமண வீடுகளிலும், கோயிற்பணிக்கு ஒப்படைக்கப்பட்ட தேவரடியார் மரபைச் சேர்ந்த பெண்கள் ஆடிவந்த ஆடல். இன்று பரதநாட்டியம் என்று வழங்கும் கலைக்கு நேர் மூலம் அதுவே. விராலிமலைக் கோயிலில் 32 பெண்கள் ஆடற்பணி செய்த காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு ஆடல் ஆசானான நட்டுவனாரின் வீடு பள்ளி, கோயில் மண்டபமும் திருவீதியும் மேடை, கோயில் வழங்கிய ஆதரவு வாழ்வாதாரம். ஒரு முழுமையான ஆடற்குழுவுக்கு வேண்டிய அனைத்தும் ஒரே மலையடிவாரத்தில் அமைந்திருந்த அந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலைந்தது. அதைக் கலைத்த சமூகச் சீர்திருத்தம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்பாட்டைக் கலைத்தவர்கள் அதிலிருந்து பள்ளியை மட்டும் பிரித்தெடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்பதும், அவ்வாறு செய்யாததன் விலையை அந்த மரபு இன்றுவரை கொடுத்துவருகிறது என்பதும் இந்த வரலாற்றைப் பின்தொடர்வோர்க்குத் தெளிவாகும்.

கல்லில் எழுதிய பாடம்

இசையையும் ஆடலையும் முறைப்படி கற்பிக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் மிகப் பழையது. குடுமியான்மலையில் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், ஏறக்குறைய கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டில் ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகள் ஏழு பகுதிகளாக வகுத்துத் தரப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பவரின் மாணவனும் சிவநெறியில் நின்றவனுமாகிய ஓர் அரசன் மாணாக்கரின் நன்மைக்காக இதைச் செய்தான் என்ற குறிப்பும் அதில் உண்டு. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவனா வேறொருவனா என்பதில் அறிஞரிடையே வழக்கு முடியவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், கொடைக்கணக்கையும் வெற்றிச் செய்தியையும் பொறிப்பதற்கே பயன்பட்டுவந்த கல், இங்கே ஒரு பாட நூலாகப் பயன்பட்டிருக்கிறது என்பது மாறப்போவதில்லை.

குடுமியான்மலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சித்தன்னவாசலில், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட சமணக் குடைவரையின் முன்மண்டபத் தூண்களில் இரண்டு ஆடல் மகளிரின் ஓவியங்கள் உள்ளன. ஒருத்தி தன் ஒரு கையை உடலின் குறுக்கே யானைத் துதிக்கையைப் போல நீட்டி வீசி, மறு கையை விரல்கள் நிமிர்ந்த நிலையில் உயர்த்தி, இடுப்பை ஒருபுறம் ஒடித்து நிற்கிறாள். வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்த பின்னரும், உடலின் எடை எந்தக் காலில் தங்கியிருக்கிறது என்பது அந்தக் கோடுகளிலிருந்து தெரிகிறது. ஆடலைப் பலமுறை அருகிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கே அது கைகூடும். துறவறத்தை வற்புறுத்திய சமயத்தின் குடைவரையில் ஆடல் மகளிர் இத்தனை உரிமையோடு இடம் பிடித்திருப்பது வேடிக்கையானதுதான்.

இவ்வாறு ஆடிய பெண்கள் எத்தகைய சமூக நிலையில் இருந்தனர் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று கிடைக்கிறது. குடுமியான்மலைக் கோயிலின் அம்மன் சன்னதியை எடுப்பித்தவள் உமையாள்வி என்னும் தேவரடியாள் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது; கோயிலுக்குச் சன்னதி கட்டித் தரும் அளவுக்குச் சொத்தும், அதைத் தன் பெயரிலேயே கல்லில் பதியும் அளவுக்கு மதிப்பும் அவளுக்கு இருந்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டின் பேரளவு வடிவத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில் காணலாம். முதலாம் இராசராசன் அக்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்ததை, அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதையும் குறித்தே கல்வெட்டு பதிவு செய்கிறது. ஊதியப் பட்டியலுடன் கூடிய ஓர் ஆடற்குழுவின் ஆவணம் என்று அதைக் கொள்ளலாம்.

மலைமேல் மேடை, அடிவாரத்தில் பள்ளி

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த விராலிமலை, அருணகிரிநாதர் பாடிய தலம். மயில்களுக்குப் பேர்போன ஊர். முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் விநோதமான வழக்கத்தால் வெளியூராராலும் அறியப்பட்டது. குன்றின் உச்சியில் சண்முகநாதர் வள்ளி தெய்வயானையுடன் எழுந்தருளியிருக்க, ஊர் அடிவாரத்தைச் சுற்றிப் பரவியிருக்கிறது. இந்திய விடுதலைக்குப் பின்னும், 1948 மார்ச் 3ஆம் நாள் வரை, இந்த ஊர் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நடுவே தனித் தீவாக இருந்த அச்சமஸ்தானத்தில் கோயில்களும் அவற்றின் கலைப் பணிகளும் அரண்மனையின் ஆதரவைச் சார்ந்திருந்தன. இசையில் அச்சமஸ்தானம் பெற்றிருந்த இடத்தைக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும், அவர் வழியில் வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள் என்பதிலிருந்து ஊகிக்கலாம். லயத்தில், அதாவது தாளக் கணக்கில், புதுக்கோட்டை வழி என்று தனியே ஒன்று பேசப்படுவதற்கு இவர்களே காரணம்.

நாகசுரமும் தவிலும் சேர்ந்த இசைக்குழுவைப் பெரிய மேளம் என்றும், ஆடும் பெண்ணும் அவளுக்கு நட்டுவாங்கம் செய்வோரும் பக்கவாத்தியக்காரரும் அடங்கிய குழுவைச் சின்ன மேளம் என்றும் அழைப்பது தஞ்சை, புதுக்கோட்டை வட்டார வழக்கு. நட்டுவாங்கம் என்பது ஆடலைச் சொற்கட்டாலும் கைத்தாளத்தாலும் நடத்திச் செல்லும் பணி; அதைச் செய்பவரே நட்டுவனார். சின்ன மேளத்தில் நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் சுருதி தருபவரும் ஆடுபவளுக்குப் பின்னால் நின்றுகொண்டே வாசித்து, அவள் முன்னேறும்போது முன்னேறி, பின்வாங்கும்போது பின்வாங்குவர். மேடையின் ஒருபுறம் பாயில் அமர்ந்து வாசிக்கும் இன்றைய முறை, ருக்மிணி தேவி முதலியோர் செய்த மாற்றத்துக்குப் பின் நிலைபெற்றது. பின்னணி இசை ஆடுபவளோடு சேர்ந்து நகர்ந்த அக்காலத்தில், குழு என்ற சொல் மேடையில் கண்ணால் காணத்தக்க பொருளுடையதாயிருந்தது.

விராலிமலையின் 32 பெண்களில் ஒருவராகத் தம் ஏழாவது வயதில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். பொட்டுக்கட்டுதல் என்பது பெண்குழந்தையை இறைவனுக்கு மணமுடித்ததாகக் கொண்டு கோயிற்பணிக்கு ஒப்படைக்கும் சடங்கு. சதிர் ஆடிய குடும்பத்தின் ஏழாவது தலைமுறையைச் சேர்ந்த அவருக்குக் கற்பித்தவர் அவருடைய தந்தை இராமச்சந்திர நட்டுவனார். நாள்தோறும் காலையும் மாலையும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி மலைமேல் முருகன் முன் பாடி ஆடிவிட்டு இறங்குவதே அப்பெண்களின் அன்றாடப் பணி. திருவிழாக் காலத்தில் தேர் வலம் வரும் வீதிகளும் அவர்களுக்கு மேடையாயின. வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ நிகழ்ச்சி கிடைக்கும் இன்றைய நடனக் கலைஞர் எவருக்கும், நாளுக்கு இரண்டு முறை என்ற கணக்கில் மேடைப் பழக்கம் வாய்ப்பதில்லை. அந்தப் படிகளை ஏறி இறங்குவதே காலுக்கும் மூச்சுக்குமான பயிற்சியாக அமைந்திருக்க வேண்டும். ஏனெனில் சதிரில் ஆடுபவளே பாடவும் வேண்டும். பாடகர் ஒருவர் தனியே பாட, ஆடுபவர் வாயசைத்து அபிநயம் பிடிக்கும் இன்றைய முறைக்கும் சதிருக்கும் உள்ள தலையாய வேறுபாடு இதுவே.

நட்டுவனாரின் பள்ளிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தரையில் வைத்த தட்டுமனை என்னும் மரக்கட்டையைத் தட்டுக்கழியால் தட்டி நட்டுவனார் தாளம் கொடுக்க, மாணவி அரைமண்டியில் நிற்பாள். அரைமண்டி என்பது குதிகால்களைச் சேர்த்து, பாதங்களையும் முழங்கால்களையும் பக்கவாட்டில் விரித்து, முதுகு வளையாமல் உடலைப் பாதியளவு தாழ்த்தும் நிலை. தட்டடவில் தொடங்கி நாட்டடவு, குத்தடவு என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றையும் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என வேகம் இரட்டித்துக்கொண்டே போகும் மூன்று நடைகளில், முகம் கோணாமலும் இடுப்பு மேலெழாமலும் செய்து காட்டிய பின்னரே அடுத்த அடவு. பாலே வகுப்பிலும் பிளியே என்ற பெயரில் முழங்காலைப் பக்கவாட்டில் விரித்து மடக்கும் பயிற்சியே முதலில் வருகிறது. இரண்டிலும் தொடை இடுப்பு மூட்டிலிருந்தே வெளித்திரும்ப வேண்டும், முழங்காலைத் திருகினால் மூட்டு கெடும். ஆனால் பாலேயில் அந்த மடக்கு பெரும்பாலும் மேலே எழுவதற்கான ஆயத்தம். சதிரில் ஆடுபவள் அந்தத் தாழ்ந்த நிலையிலேயே தங்கி, பாதத்தை முழுமையாகத் தரையில் அறைந்து, ஒலியைத் தரையிலிருந்து வாங்குகிறாள். வேறுபட்ட இரண்டு அழகியல்கள் உடலின் ஒரே மூட்டில் தொடங்குவதை ஒப்பிட்டுக் காண்பது, இரண்டையும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பயன் தரக்கூடியது.

பாண்டு வாத்தியத்துக்கு ஆடிய பெண்கள்

சதிரின் வரிசை என்றால் இன்றைய வாசகர்க்கு நினைவில் வருவது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர் ஒழுங்குபடுத்திய அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசைதான். விராலிமலைப் பெண்களின் பாடாந்தரம், அதாவது வாய்வழியாகக் கற்றுக் காப்பாற்றிய உருப்படிகளின் தொகுதி, அந்த வரிசையோடு நிற்கவில்லை. குறவஞ்சியும் கும்மியும் கோலாட்டமும் அதில் இருந்தன. இவற்றோடு நோட்டுஸ்வரமும் இருந்தது.

நோட்டுஸ்வரம் என்பது ஆங்கிலேயப் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சுரமோ சாகித்தியமோ அமைத்துக்கொண்ட இசை வகை. முத்துசுவாமி தீட்சிதர் இத்தகைய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் இயற்றியது இசை வரலாற்றில் தெரிந்த செய்தி. தஞ்சை அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியக் குழு இடம்பெற்ற காலத்தில் அந்த இசை ஆடல் மகளிரின் காதிலும் விழுந்தது. கமகம் இல்லாமல், அதாவது சுரங்களை வளைத்து அசைக்காமல், நேர்நேராகத் துள்ளிச் செல்லும் அந்த மெட்டுகளுக்கு அவர்கள் அடவு அமைத்து ஆடினர். முத்துக்கண்ணம்மாள் முதுமையிலும் பாடி ஆடிக் காட்டியவற்றுள் நோட்டுஸ்வரமும் ஒன்று. கோயில் ஆடல் என்றாலே மாறாத சடங்கு என்று எண்ணிக்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும். தம் காலத்தில் காதில் விழுந்த புதிய இசை எதுவோ அதைத் தயங்காமல் எடுத்து உடலுக்கு ஏற்றிக்கொண்ட இந்தப் பெண்களே அக்காலத்தின் சமகால நடனக் கலைஞர்கள். பின்னாளில் தூய்மை என்ற பெயரில் இத்தகைய உருப்படிகள் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டதால், ஐரோப்பிய இசைக்குப் பரதநாட்டியம் ஆடுவதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த புதுமையாக இன்று அறிவிக்க முடிகிறது.

குறவஞ்சி இதைவிட முக்கியமானது. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி மையல் கொள்வதும், தோழியிடம் புலம்புவதும், கூடையும் கோலுமாக வரும் குறத்தி தன் மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுவதும், அவளைத் தேடி வரும் சிங்கன் அவள் மேனியிலுள்ள நகைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்பதும் குறவஞ்சியின் பொதுக் கட்டமைப்பு. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர்மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டதைப் போல, விராலிமலையில் அந்த ஊர் முருகன்மீது அமைந்த குறவஞ்சி ஆடப்பட்டது. பாத்திரங்கள் பிரித்து, கதை தொடர்ந்து, பலர் சேர்ந்து ஆடும் இந்த வடிவமே தமிழில் பாலேக்கு மிக நெருங்கியது. ருக்மிணி தேவியே தம் முதல் நாட்டிய நாடகத்துக்குக் குற்றாலக் குறவஞ்சியைத் தேர்ந்தெடுத்து 1944ஆம் ஆண்டில் மேடையேற்றினார். அவர் பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றவர். குழுவாக ஆடும் ஒரு வடிவத்தை அவர் கண் தேடியபோது அது குறவஞ்சியில் சென்று நின்றது இயல்பே.

சட்டமும் விண்ணப்பமும்

இந்த மரபை முடிவுக்குக் கொண்டுவந்த இயக்கத்தின் முதன்மைக் குரல் புதுக்கோட்டையிலிருந்தே எழுந்தது. 1886 ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியின் முதல்வராயிருந்த நாராயணசாமி ஐயருக்கும் இசை மரபில் வந்த சந்திரம்மாளுக்கும் மகள். ஆண்களுக்கான அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் அங்கே படித்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், பொட்டுக்கட்டும் வழக்கம் சிறுமிகளின் வாழ்வை என்ன செய்கிறது என்பதைத் தாய்வழிச் சுற்றத்திலிருந்தே அறிந்திருந்தார். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தபோது அவர் முயற்சியால் 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், கோயில் மானிய நிலங்களை ஆடற்பணியிலிருந்து விடுவித்து அப்பெண்களுக்கே உரிமையாக்க வழிசெய்தது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடை செய்த சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. புதுக்கோட்டை அடுத்த ஆண்டில் மாகாணத்தோடு இணைந்தது. சமஸ்தானம் மறைந்தபோது கோயில் ஆடலுக்கு அரண்மனை தந்த ஆதரவும் மறைந்தது.

சீர்திருத்தத்தின் தேவையை மறுப்பதற்கு இடமில்லை. விவரம் அறியாத வயதில் ஒரு சிறுமியின் வாழ்நாள் முழுவதையும் பிறர் தீர்மானிக்கும் வழக்கமும், கோயிற்பணியின் மறைவில் செல்வர்கள் நடத்திய சுரண்டலும் எந்தக் கலையின் பெயராலும் நியாயமாகிவிடா. அம்மரபுக்குள் வளர்ந்தவரான மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரே 1936இல் அதை அம்பலப்படுத்தி ஒரு நாவல் எழுதினார். ஆயினும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் பொட்டுக்கட்டுதலோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் இறைவனின் ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே, கும்பாரத்தியுடனோ அது இல்லாமலோ, சட்டவிரோதம் என்று அறிவித்தது. கும்பாரத்தி என்பது குடவடிவிலான விளக்கைக் கொண்டு இறைவனுக்குக் கண்ணேறு கழிக்கும் சடங்கு. கொடுமை எது, கலை எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அந்த வாசகத்தில் இல்லை. 1981ஆம் ஆண்டு முதல் சிதம்பரத்தில் நடராசர் கோயிலை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது என்பதையும், அந்த விழாவின் முன்மாதிரியைப் பின்பற்றி வேறு பல கோயில்களிலும் பெண்கள் ஆடுகின்றனர் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடல் கோயிலுக்குத் திரும்பிவந்துவிட்டது. முன்பு அங்கே ஆடியவர்களின் வீட்டுப் பெண்கள் திரும்பிவரவில்லை.

இந்த வழக்கில் பெரிதும் மறக்கப்பட்ட ஆவணம் ஒன்று உண்டு. சட்ட முயற்சி தொடங்கிய 1920களின் இறுதியில் தேவதாசிகள் என்றும் அழைக்கப்பட்ட தேவரடியார் சென்னை மாகாணத்தில் சங்கமாகத் திரண்டு அரசுக்கு அளித்த விண்ணப்பத்தில், தங்களை ஒழிப்பதற்குப் பதிலாகத் தங்களுக்குச் சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் கலைக் கல்வியும் தரவேண்டும் என்று கேட்டிருந்தனர். அவர்கள் கேட்டதன் சாரம் ஒரு பள்ளி. பொட்டுக்கட்டைத் தடை செய்துகொண்டே அந்தப் பள்ளியை அரசு கொடுத்திருக்க முடியும். நட்டுவனார்களையும் மூத்த ஆடல் மகளிரையும் ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர்த்தியிருக்கவும் முடியும். அது நடக்கவில்லை. 1930களில் ஈ. கிருஷ்ண ஐயரும் சென்னை மியூசிக் அகாடமியும் சதிரைப் பரதநாட்டியம் என்ற பெயரில் மாநகர மேடைக்குக் கொண்டுசென்றபோது, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் புதிய மாணவியருக்கு ஆசிரியர்களாக அழைக்கப்பட்டனர். தனி ஒருத்தி ஆடத்தக்க வரிசை அவர்கள் வழியாகத் தப்பிப் பிழைத்தது. ஊருக்கும் கோயிலுக்கும் உரிய கூட்டு ஆடல்களைக் கேட்பார் இல்லை.

இழப்பின் தன்மை இங்கேதான் விளங்குகிறது. தனி ஆடலுக்குரிய வர்ணமும் பதமும் ஒரே ஒரு பெண்ணின் உடலில் உயிரோடு இருக்க முடியும். அவள் இன்னொருத்திக்குக் கற்பித்துவிட்டால் கடத்தல் முடிந்தது. குறவஞ்சிக்குத் தலைவி, தோழி, குறத்தி, சிங்கன் என்று பலர் வேண்டும். கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் கைகொடுக்க எதிரே ஆள் வேண்டும். 32 பேரில் 31 பேர் மறைந்த பின் எஞ்சிய ஒருவர் எவ்வளவு நினைவாற்றல் உடையவராயினும், தம் பாத்திரத்தையும் மற்றவர் பாத்திரங்களையும் பாடிக் காட்டலாமேயன்றி, அந்த ஆடலைத் தனியே ஆடிக் காட்ட இயலாது.

எஞ்சிய ஒருவர்

விராலிமலையின் 32 பேரில் இறுதியாக எஞ்சியவர் என்று அறியப்பட்ட முத்துக்கண்ணம்மாளுக்கு, இந்திய அரசு 2022ஆம் ஆண்டில், அவர் எண்பது வயதைக் கடந்திருந்த நிலையில், பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதுக்கு முன்பே ஆய்வாளர் சிலர் அவரைத் தேடி வந்திருந்தனர். தேவதாசி மரபினரின் நினைவுகளைப் பதிவு செய்து 2012இல் ஆங்கில நூல் வெளியிட்ட டேவேஷ் சொனேஜி விராலிமலையின் ஆடல் மரபையும் ஆராய்ந்திருக்கிறார். நடிகையாகப் பரவலாக அறியப்பட்ட நடனக் கலைஞரும் ஆய்வாளருமான சுவர்ணமால்யா கணேஷ், பழைய சதிர் உருப்படிகளை மீட்கும் தம் முயற்சியில் முத்துக்கண்ணம்மாளிடம் கற்றிருக்கிறார். இவை மதிப்புடைய பணிகள். ஆனால் ஆய்வாளர் ஒருவரின் நூலும் கலைஞர் ஒருவரின் மேடையும் சேர்ந்தாலும் ஒரு பள்ளி ஆகிவிடாது. நாள்தோறும் பத்துப் பிள்ளைகள் வந்து நின்று, தவறு செய்து, திருத்தப்பட்டு, மறுநாள் மீண்டும் வரும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அத்தகைய இடம் ஒன்று புதுக்கோட்டையில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு பரதநாட்டியமும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சிறு கட்டணத்தில் ஆடல் கற்கக் கிடைத்த வாய்ப்பு அது. மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்தின் உள்ளூர் மரபுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுமானால், புதுக்கோட்டையில் அந்த இடம் விராலிமலையின் குறவஞ்சிக்கும் நோட்டுஸ்வரத்துக்கும் உரியது. இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஆய்வாளர்களிடமும் கலைஞர்களிடமும் உள்ள ஒலி, ஒளிப்பதிவுகளின் படிகளை ஒப்புதலோடு பெற்றுச் சுரதாளக் குறிப்புடன் எழுதிவைப்பதும், விராலிமலைப் பாடாந்தரம் அறிந்தவர்களை வருகைதரு ஆசிரியர்களாக ஊதியம் கொடுத்து அமர்த்துவதும், பயின்ற மாணவர் குழு விராலிமலைத் திருவிழாவில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குறவஞ்சியை முழுமையாக ஆடுவதற்கு அறநிலையத்துறை இடமளிப்பதும் போதும். அந்தக் குழுவில் சேரச் சாதியோ சடங்கோ தடையாகவும் கூடாது, தகுதியாகவும் கூடாது. இசைப்பள்ளியின் சேர்க்கைப் படிவம் ஒன்றே போதுமானது.

ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் அந்தப் பெண்கள் அரசிடம் கேட்டது கல்வி. கலை பண்பாட்டுத் துறையும் அறநிலையத்துறையும் சேர்ந்து அமர்ந்து பேசினால், வரும் கல்வியாண்டிலேயே அந்த விண்ணப்பத்துக்குப் பதில் அளிக்க முடியும். புதுக்கோட்டையின் சட்டமன்ற உறுப்பினர்களும் கல்லூரிகளும் கலை அமைப்புகளும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.